பெட்டிக்குள் பெட்டி: புதுசு என்றால் போதுமா?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் பொம்மை ரயிலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. மாடல் ரயில் என்பது இன்று கம்ப்யூட்டரோடு கைகோத்துவிட்ட பொழுதுபோக்கு. ஒரு சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டர், ஒரு யு.எஸ்.பி. கேபிள், ரயிலுக்கான கண்ட்ரோல் பாக்ஸ், இலவசமாகக் கிடைக்கும் ஒரு சாப்ட்வேர் இருந்தால் போதும். மேஜை மேல் ஓடும் ரயிலை மவுஸைக் கொண்டே ஓட்டலாம், நிறுத்தலாம். பெட்டிகளின் விளக்குகளை ஏற்றலாம், அணைக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. புதிதாக வாங்கிய மாடல் ரயில் பெட்டியில் என்னென்ன குறைகள் தலைகாட்டுகின்றனவோ, ஏறக்குறைய அவையேதான் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரிலும் பென் டிரைவிலும் ஹார்டு டிஸ்க்கிலும் தலைகாட்டுகின்றன. குறையோடு போய் நின்றால் கடையில் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "புதுசு" என்பது விற்பனைக்காகச் சொல்லும் சொல். அதைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. அட்டைப் பெட்டி மேல் இருக்கும் முத்திரையும் நாம் நினைக்கிற அர்த்தத்தில் தரச் சான்று அல்ல. பொருள் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை உற்பத்தியாளரும் கடைக்காரரும் சேர்ந்து வாங்குபவர் தலையில் கட்டிவிட்டார்கள். இதை மாற்ற வேண்டும். மாறும் வரை, அந்தச் சோதனையை வாங்கிய அன்றைக்கே செய்து, அதற்கு ஆதாரமும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டும் சுலபம்.

சட்டியைத் தட்டிப் பார்க்கும் ஊரில்

நான் இருப்பது வில்லியனூர் கொம்யூனில். விழுப்புரத்தில் இருந்து புதுச்சேரிக்கு 1879இல் போடப்பட்ட ரயில் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அதனால்தானோ என்னவோ, ரயில் பைத்தியம் இங்கே சிலருக்கு உண்டு. எங்கள் ஊருக்கு இன்னொரு பெருமையும் இருக்கிறது. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடுகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இங்கே மண்சட்டி வாங்கும் எந்தப் பாட்டியும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்காமல் காசை எடுக்க மாட்டார். "கணீர்" என்று சத்தம் வந்தால் எடுப்பார். "டொக்" என்றால் எங்கோ கீறல். சட்டியை அப்படியே திருப்பி வைத்துவிடுவார். குயவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே தட்டிக் காட்டித்தான் கொடுப்பார்.

சில பத்து ரூபாய் சட்டிக்கு இருக்கும் இந்த உரிமை பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் மின்சாதனத்துக்கு இல்லாமல் போனது எப்படி? "சீல் உடைத்தால் திரும்ப எடுக்க மாட்டோம் சார்" என்ற ஒரு வாக்கியத்தில் அது போய்விட்டது. சீலை உடைக்காமல் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. உடைத்தாலோ பொருள் நம்முடையதாகிவிடுகிறது. நல்ல வேடிக்கை!

டவுனில் இருப்பவருக்கு இது சின்னத் தொல்லை. பைக்கை எடுத்தால் பத்து நிமிடத்தில் கடை. பாகூரிலோ கரையாம்புத்தூரிலோ இருப்பவருக்கு அப்படி இல்லை. புதுச்சேரிக்குப் போய்வந்தால் அரை நாள் வேலை கெடும். "சர்வீஸ் என்ஜினியர் இன்று வரவில்லை, நாளைக்கு வாங்க" என்றால் இன்னொரு அரை நாள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். மூன்று முறை அலைந்தால், வாங்கிய பொருளின் விலையில் பாதி பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் இழந்த கூலிக்கும் போய்விடும். பலர் இரண்டாவது முறையோடு விட்டுவிடுவது இதனால்தான். அப்படி விட்டுவிடுவார்கள் என்பது கடைக்காரருக்கும் தெரியும்.

நான்கு பெட்டிகள்

மாடல் ரயிலைப் பற்றி அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். உலகில் அதிகம் புழங்கும் அளவு "எச்.ஓ." எனப்படுவது. நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு. எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். இது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1435 மில்லிமீட்டர் பாதையின் சிறு வடிவம். நம் அகல ரயில் பாதை 1676 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும். ஆனாலும் இந்தியப் பெட்டிகளின் எச்.ஓ. மாடல்கள் பெரும்பாலும் 16.5 பாதையில்தான் ஓடுகின்றன. ஆகவே சக்கரங்கள் பெட்டிக்கு அடியில் சற்று ஒடுங்கித் தெரியும். இதைக் குறை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உலகமெங்கும் ஒத்துக்கொண்ட சமரசம் இது.

இப்போது நம் ரயில்களில் வரும் எல்.எச்.பி. பெட்டியின் நீளம் சுமார் 23.5 மீட்டர். எச்.ஓ. அளவில் 27 சென்டிமீட்டர். நான் அந்த அளவில் விளக்கு வைத்த பயணிகள் பெட்டிகள் நான்கு வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். நான்கும் சீல் உடையாத புதுப் பெட்டிகள். நான்கில் ஒன்றுதான் குறையில்லாமல் ஓடியது.

முதல் பெட்டி நேரான பாதையில் அழகாகப் போனது. பாதை பிரியும் இடத்தில், அதாவது கிராசிங்கில், ஒவ்வொரு முறையும் ஏறித் தடம் புரண்டது. இரண்டாவது பெட்டியின் கொக்கி கீழே தொங்கியது. மேடு வந்தால் கழன்றுகொண்டது. மூன்றாவதில் விளக்கு, ஆடி மாதத்து மின்சாரம் போல விட்டு விட்டு எரிந்தது. போதாக்குறைக்கு அதன் நீல வண்ணம் மற்ற மூன்றோடு ஒட்டவே இல்லை. வெவ்வேறு சமயத்தில் வண்ணம் பூசிய பெட்டிகளை ஒரே செட்டாக விற்றிருக்கிறார்கள்.

கடையில் போய்ச் சொன்னேன். "விளையாட்டுச் சாமான்தானே சார், இதுக்குப் போய் இவ்வளவு பார்க்கிறீங்களே" என்றார். நான் கையில் ஒரு பிரிண்ட் அவுட் கொண்டுபோயிருந்தேன். அதைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது. முதல் பெட்டியை மாற்றிக் கொடுத்தார். மூன்றாவதைக் கம்பெனிக்கு அனுப்பி ஒரு மாதம் கழித்துத் தந்தார். இரண்டாவது பெட்டியின் கொக்கியை அங்கேயே சரிசெய்தார். வண்ணத்துக்கு மட்டும் கடைசி வரை அசையவில்லை.

அந்தப் பிரிண்ட் அவுட்டில் இருந்தது என்ன என்று சொல்கிறேன்.

ஸ்கேனர் என்னும் அளவுகோல்

சக்கரங்கள் சரியான இடைவெளியில் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்று அறிய, ஓர் அச்சில் உள்ள இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். எச்.ஓ. அளவில் இது சுமார் 14.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் கிராசிங்கில் தகராறுதான். கண்ணால் பார்த்தால் தெரியாது. பள்ளிக்கூட ஸ்கேலாலும் ஆகாது.

உங்கள் கம்ப்யூட்டரோடு ஸ்கேனர் இருக்கிறதா? பிரிண்டரோடு சேர்ந்து வரும் ஸ்கேனரே போதும். பெட்டியின் அடியில் இருந்து சக்கரத் தொகுதியை மட்டும் கழற்றி, தண்டவாளத்தில் நிற்பது போலவே ஸ்கேனர் கண்ணாடி மேல் மெதுவாக நிறுத்துங்கள். மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போடுங்கள். மூடியை அழுத்தாதீர்கள். ரெசல்யூஷன் என்ற இடத்தில் 600 டி.பி.ஐ. என்று கொடுத்து ஸ்கேன் செய்யுங்கள். 600 டி.பி.ஐ. என்றால் ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள். அதாவது ஒரு புள்ளி சுமார் 0.04 மில்லிமீட்டர். படத்தைப் பெயின்ட் புரோகிராமில் திறந்து, ஒரு சக்கரத்தின் உள்விளிம்பில் இருந்து மற்றதன் உள்விளிம்பு வரை எத்தனை புள்ளிகள் என்று பாருங்கள். மவுஸைக் கொண்டு செல்லும்போது கீழே ஓரத்தில் எண் மாறுவது தெரியும். 340 புள்ளிகள் வந்தால் 14.4 மில்லிமீட்டர். என் முதல் பெட்டியில் வந்தது 328. கணக்குப் போட்டால் 13.9 மில்லிமீட்டர்.

அதைத்தான் படத்தோடு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். "தடம் புரளுது" என்று சொன்னால் பாதை சரியில்லை என்பார்கள். "அரை மில்லிமீட்டர் குறைவு, இதோ படம்" என்றால் பேச்சு வேறு மாதிரி போகும்.

எடையும் அப்படித்தான். அமெரிக்காவில் 1935இல் தொடங்கிய தேசிய மாடல் ரயில்பாதை சங்கம் இதற்கு ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது. எச்.ஓ. பெட்டிக்கு அடிப்படையாக ஓர் அவுன்ஸ்; பிறகு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 27 சென்டிமீட்டர் பெட்டிக்கு இது சுமார் 180 கிராம். மளிகைக் கடைத் தராசிலேயே பார்த்துவிடலாம். மிகவும் லேசான பெட்டி வளைவில் உள்பக்கமாகச் சாயும். செலவைக் குறைக்க உள்ளே வைக்க வேண்டிய இரும்புத் தகட்டை விட்டுவிட்டால் இப்படி ஆகும்.

சக்கரங்களோடு பெட்டியை ஜன்னல் கண்ணாடி போன்ற சமதளத்தில் வைத்து ஒரு மூலையை விரலால் தொட்டுப் பாருங்கள். நாற்காலி ஆடுவது போல ஆடினால் அடிச்சட்டம் முறுக்கியிருக்கிறது. இதற்குக் கம்ப்யூட்டர் எல்லாம் தேவையில்லை.

விளக்கு விஷயத்தில்தான் கம்ப்யூட்டர் நேரடியாக உதவும். இப்போது வரும் பெட்டிகள் சிலவற்றில் டீகோடர் என்ற சிறு சர்க்யூட் இருக்கிறது. டி.சி.சி. என்னும் டிஜிட்டல் முறையில் கட்டளைகள் தண்டவாளம் வழியாகவே போகின்றன. தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் டீகோடர் எடுத்துக்கொள்ளும். நம் வீட்டு மோடம் தன் முகவரிக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொள்வது போல. ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச சாப்ட்வேர் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அதில் டீகோடரின் உள் எண்களைப் படித்துப் பார்க்கலாம். புது டீகோடர் வழக்கமாக 3 என்ற முகவரியோடுதான் வரும். படித்ததும் 3 என்று பதில் வந்தால் டீகோடர் உயிரோடு இருக்கிறது. விளக்கு எரியாததற்குக் காரணம் விளக்கிலோ கம்பியிலோ இருக்கலாம். பதிலே வராவிட்டால் முதலில் சக்கரங்களைத் துடைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். அப்போதும் வராவிட்டால் டீகோடரையோ, சக்கரத்தில் இருந்து மின்சாரம் எடுக்கும் தகட்டையோ சந்தேகிக்க வேண்டும். இந்தத் திரையை அப்படியே பிரிண்ட் ஸ்கிரீன் அழுத்திப் படமாக்கி வைத்துக்கொள்ளலாம்.

நான்கு பெட்டியும் 3 என்ற ஒரே முகவரியில் இருப்பதால் ஒன்றின் விளக்கை அணைத்தால் நான்கும் அணையும். இது குறை அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்தால் தீர்ந்தது.

முத்திரை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

"ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்குதே சார், அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். இங்கேதான் பெரிய குழப்பம்.

பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020இல் வெளியாகி 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை கட்டாயம் என்கிறது அந்த ஆணை. நல்ல ஆணை. வண்ணத்தில் ஈயம் இருக்கிறதா, கூர்மையான விளிம்பு குழந்தையைக் கீறுமா, சின்னப் பாகம் கழன்று தொண்டையில் சிக்குமா, மின்சாரப் பொம்மை சூடாகித் தீப்பிடிக்குமா என்றெல்லாம் சோதிக்கிறார்கள். கவனியுங்கள், எல்லாமே பாதுகாப்பு பற்றிய சோதனைகள். ரயில் தடத்தில் நிற்குமா என்று ஒருவரும் சோதிப்பதில்லை. அது அந்த முத்திரையின் வேலையும் அல்ல. (கைவினைஞர்கள் செய்து விற்கும் பொருள்களுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் இதில் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு என்பதை வில்லியனூர்க்காரன் என்ற முறையில் சேர்த்துச் சொல்கிறேன்.)

இன்னொரு நுணுக்கம். பெரியவர்களுக்கான மாடல் ரயில் அட்டைப் பெட்டியில் "14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு" என்று அச்சிட்டிருக்கும். ஆணை பேசுவது 14க்குக் குறைந்தவர்களின் பொம்மைகளைப் பற்றி. அதாவது விலை அதிகமான பெட்டிக்கு அந்தப் பாதுகாப்பு முத்திரைகூட இல்லாமல் போகலாம்.

கம்ப்யூட்டருக்கு வருவோம். 2012இல் வந்த கட்டாயப் பதிவு ஆணையின்படி லேப்டாப், பிரிண்டர், அடாப்டர் போன்றவற்றுக்குப் பதிவு எண் வேண்டும். 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் லேப்டாப் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், ஐ.எஸ். என்று தொடங்கும் எண்ணும், ஆர் என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். அந்த எண்ணும் ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்பதைத்தான் சொல்கிறது. கீபோர்டு இரண்டு வருடம் உழைக்குமா, திரையில் செத்த புள்ளி இருக்கிறதா, பேட்டரி சொன்ன நேரம் நிற்குமா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. எண் இல்லாத அடாப்டரை வாங்கவே கூடாது. எண் இருப்பதால் மட்டும் நல்ல லேப்டாப் என்றும் முடிவு செய்யக் கூடாது.

நிஜ ரயிலில் எப்படி?

நிஜப் பெட்டிகளை யாரும் இப்படி விட்டுவிடுவதில்லை. புது வகைப் பெட்டி வந்தால், லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. பல வேகங்களில் ஓட்டி ஊசலாட்டச் சோதனை செய்கிறது. பெரம்பூர் ஐ.சி.எப்.இல் உருவான "டிரெயின் 18", 2018 டிசம்பரில் கோட்டா பகுதியில் நடந்த சோதனையில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. பிறகு வந்தே பாரத் என்று பெயர் பெற்று 2019 பிப்ரவரி 15 அன்று கொடியசைத்துத் தொடங்கி வைக்கப்பட்டது. மறுநாளே, வாரணாசியில் இருந்து டெல்லி திரும்பும் வழியில், தூண்ட்லா அருகே நின்றுவிட்டது. கால்நடை மோதியதால் சக்கரங்கள் வழுக்கியிருக்கலாம் என்று ரயில்வே விளக்கம் சொன்னது. கோளாறைச் சரிசெய்து, பயணிகளுக்கான முதல் ஓட்டத்தை அறிவித்தபடி பிப்ரவரி 17 அன்றே தொடங்கினார்கள்.

அத்தனை சோதனைக்குப் பிறகும் புது ரயில் இரண்டாம் நாளே நிற்கிறது. அப்படி இருக்க, தொழிற்சாலையில் இருந்து வந்த பிறகு ஒரு தடவைகூடச் சக்கரம் சுழலாத மாடல் பெட்டியையும், ஒரு தடவைகூட ஆன் செய்து பார்க்காத கம்ப்யூட்டரையும் "புதுசு சார், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி விற்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கம்ப்யூட்டர் உலகத்திலும் பெரிய சம்பவங்கள் உண்டு. 2000களின் முதல் பாதியில் விற்ற மதர்போர்டுகள் பலவற்றில் கெபாசிட்டர்கள் சில மாதங்களிலேயே உப்பி வெடித்தன. டெல் நிறுவனம் இந்தப் பழுதுகளுக்காக 2005இல் 30 கோடி டாலரை ஒதுக்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் இன்னொரு கதை வெளியானது. பல்லாயிரம் மணி நேரம் ஓடித் தேய்ந்த சீகேட் ஹார்டு டிஸ்க்குகளை, ஓடிய மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கி, இடைத்தரகர்கள் புதியவை என்று விற்றிருந்தார்கள். டிஸ்க்கின் உள்ளே வேறோர் இடத்தில் இருந்த பதிவு இதைக் காட்டிக் கொடுத்தது. மாடல் பெட்டியிலும் அப்படி ஓர் இடம் உண்டு. சக்கரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். தண்டவாளத்தில் படும் இடத்தில் கறுப்பு வளையம் இருந்தால் அது ஏற்கனவே ஓடிய பெட்டி. யாரோ வாங்கி, பிடிக்காமல் திருப்பிக் கொடுத்து, மறுபடி சீல் போட்டு உங்களிடம் வந்திருக்கிறது.

எது குறை அல்ல

கடைக்காரர்களுக்கும் நியாயம் பேச வேண்டும். தடம் புரளும் ஒவ்வொரு பெட்டியும் பழுதான பெட்டி அல்ல. நீளமான பெட்டி குறுகலான வளைவில் திரும்பாது. பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது வளைவின் ஆரம் இருந்தால் நம்பி ஓட்டலாம் என்பது இந்தப் பொழுதுபோக்கில் உள்ளவர்களின் கணக்கு. 27 சென்டிமீட்டர் பெட்டிக்கு 81 சென்டிமீட்டர். ஆரம்ப செட்டில் வரும் வளைவின் ஆரம் பெரும்பாலும் அதில் பாதி அளவுதான் இருக்கும். அட்டையில் குறைந்தபட்ச ஆரம் அச்சிட்டிருந்தும் அதைப் படிக்காமல் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பது, 2 ஜி.பி. ராம் உள்ள கம்ப்யூட்டரில் பெரிய கேமை ஏற்றிவிட்டு "மெதுவா ஓடுது" என்று புகார் சொல்வது போன்றது.

நம் ஊர் உப்புக் காற்றில் தண்டவாளம் சீக்கிரம் கறுக்கும். அதைத் துடைக்காமல் விளக்கு மினுக்குகிறது என்று சொன்னாலும் நியாயம் இல்லை. அதனால்தான் எந்தப் புகாருக்கும் முன் ஒரு சோதனை: சந்தேகப் பெட்டியை எடுத்துவிட்டு, நன்றாக ஓடும் பெட்டியை அதே பாதையில் அதே வேகத்தில் விட்டுப் பாருங்கள். இது ஓடி, அது விழுந்தால் பாதையின் மேல் பழி போட முடியாது. கம்ப்யூட்டரிலும் இதே முறைதான். மானிட்டர் தெரியவில்லையா? பக்கத்து வீட்டு மானிட்டரை மாட்டிப் பாருங்கள்.

விலை விஷயமும் இருக்கிறது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் ஏறியது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்கு இது நல்லதாக இருக்கலாம். ஆனால் வெளிநாட்டில் இருந்து நேரடியாகப் பெட்டி வரவழைத்தால், பழுதான ஒன்றைத் திருப்பி அனுப்பும் செலவு பெட்டி விலையைத் தாண்டிவிடும். என்னைக் கேட்டால், கொஞ்சம் விலை கூடினாலும் உள்ளூரில் பில் கொடுக்கும் கடையில் வாங்குவதே மேல்.

முதல் நாள் செய்ய வேண்டியது

கூரியர் வந்ததும் செல்போனை யாரிடமாவது கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முகவரிச் சீட்டு, உடையாத சீல், திறப்பது, உள்ளே இருப்பது எல்லாம் நடுவில் வெட்டாமல் ஒரே வீடியோவாக இருக்க வேண்டும். சீரியல் எண்ணைத் தனியாகப் படம் எடுங்கள். அட்டைப் பெட்டியையும் தெர்மக்கோலையும் ஒரு மாதமாவது பரணில் போட்டு வையுங்கள்.

பில்லை அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். இப்போது பல கடைகளில் தருவது சூட்டில் அச்சாகும் தாள். சட்டைப்பையில் சில மாதம் இருந்தால் வெள்ளைத் தாளாகிவிடும். கம்ப்யூட்டரில் "பில்கள்" என்று ஒரு போல்டர் திறந்து, தேதி, பொருள், கடை மூன்றையும் பைல் பெயரிலேயே வைத்துச் சேமியுங்கள். ஒரு காப்பியை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரே பழுதாகி, அதன் பில் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

பென் டிரைவ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசப் புரோகிராமை ஓட்டுங்கள். 64 ஜி.பி. என்று எழுதியிருப்பதில் நிஜமாகவே 64 இருக்கிறதா, இல்லை 8ஐ 64 என்று ஏமாற்றுகிறதா என்று காட்டிவிடும். ஹார்டு டிஸ்க் என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்போவில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். மேலே சொன்ன 2025 சம்பவம் போல அதையும் மாற்றிவிட முடியும் என்றாலும், எல்லா ஏமாற்றுக்காரரும் அவ்வளவு சிரத்தை எடுப்பதில்லை.

கடைகள் செய்ய வேண்டியதும் பெரிதல்ல. மாடல் ரயில் விற்கும் கடையில் ஒரு மீட்டர் தண்டவாளமும் ஒரு கிராசிங்கும் மேஜை மேல் இருக்கட்டும். வாங்குபவர் முன்னால் பெட்டியை இரண்டு முறை ஓட்டிக் காட்டட்டும். கம்ப்யூட்டர் கடையில் அரை மணி நேரம் ஆன் செய்து வைத்துக் காட்டட்டும். பல்பு வாங்கினால் ஹோல்டரில் மாட்டி எரியவைத்துத்தானே தருகிறார்கள்?

மறுத்தால் என்ன செய்வது? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. பில் தர மறுப்பதும், பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அதன்படி நேர்மையற்ற வணிகம். பில்லில் காலம் சொல்லாவிட்டால் 30 நாள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்தாலும் சட்டத்தின் முன் அது செல்லாது.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. கடை எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்துக்கு உரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பாகூர்க்காரர் சென்னையில் வாங்கியிருந்தாலும் புதுச்சேரியிலேயே தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் இ-ஜாக்ருதி இணையதளம் இருக்கிறது; வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தே தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பாருங்கள். தமிழிலேயே பேசலாம். பேசும்போது பில் எண், தேதி, சீரியல் எண் மூன்றும் கையில் இருக்கட்டும். "பில்கள்" போல்டரைத் திறந்து வைத்துக்கொண்டே போன் செய்யுங்கள்.